அட்வான்ஸ் பாக்கி

மூன்றாவது கோட் அடித்தும் கறை மேலே வந்துவிட்டது. கூடத்துச் சுவரில், தரையில் உட்கார்ந்திருப்பவர் தலையைச் சாய்க்கும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. பெயின்டர் சுரண்டிப் பார்த்தாராம், பட்டி போட்டுப் பார்த்தாராம். இனி தன்னால் ஆகாது என்று போனிலேயே கையை விரித்துவிட்டார்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அம்மாவின் வீட்டை ஈடு காட்டிக் கடன் வாங்கித்தான் இந்த ஃப்ளாட்டை வாங்கியிருந்தாள். வருகிற வாடகையை அப்படியே தவணைக்குக் கட்டிவிடலாம் என்று கணக்கு. வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள் அந்தக் கணக்கில் இல்லை. இரண்டு தவணை தவறியாயிற்று. மூன்றாவதும் தவறினால் அம்மா வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவோம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

முன்பு குடியிருந்தவர் ஒரு தையல்கார அக்கா. தனிக்கட்டை. உடம்பு முடியவில்லை, அட்வான்ஸைக் கொடுத்தால் காலி பண்ணிவிட்டு வைத்தியத்துக்குப் போய்விடுவேன் என்று கேட்டார். அட்வான்ஸ் எப்போதோ தவணையில் கரைந்திருந்தது. அடுத்த ஆள் வரட்டும், அவர்கள் தருவதை வாங்கித் தருகிறேன் என்று இவள் நாளைக் கடத்தினாள். ஏழு வாரம். மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, அக்கா அந்தச் சுவரில் சாய்ந்தபடி காத்திருந்தார். அங்கேயே இறந்தும் போனார். பணத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. அப்போது தனக்கு வந்த நிம்மதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று மதியம் வீட்டுத் தரகர் கூப்பிட்டார்.

"என்ன மேடம், எனக்கே தெரியாம ஆள் வெச்சிட்டீங்களா? கமிஷன் மிச்சம்னு பாத்தீங்களாக்கும்."

அவர் சிரித்தார். வீடு பார்க்க வந்த தம்பதி, கதவைத் திறந்துவிட்டதும் வாசலோடு திரும்பிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டாள்.

"உள்ள ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே, எப்போ காலி பண்ணுவாங்கன்னு கேட்டாங்க. நான் படியில நின்னு போன் பேசிட்டிருந்தேன், பாக்கல."

வேலை முடிந்ததும் சங்கிலியை அடகு வைத்தாள். வெளிச்சம் இருக்கும்போதே படியேறினாள். கதவைத் திறந்தபோது புதுப் பெயின்ட் வாடைக்கு அடியில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாடை இருந்தது, பூட்டிக் கிடந்த வீட்டின் புழுக்கம் இருந்தது, மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், பக்கத்து வீட்டில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நேராக நீண்டு, சுவரோரம் வந்ததும், எதன் மீதோ ஏறி இறங்குவதுபோல் வளைந்திருந்தது.

அங்கே எதுவும் இல்லை.

கறை ஈரமாக இருந்தது.

பணக் கவரைச் சுவரோரம் வைத்தாள். ஊசி குத்துமுன் பேசும் குரல் அவளுக்கு ஒன்று உண்டு. அந்தக் குரலில் பேசினாள்.

"அக்கா, முழுசா இருக்கு. எண்ணிப் பாத்துக்கோங்க. கிளம்புங்கக்கா."

குழாய்ச் சத்தம் நின்றது. மேல்மாடியும் அடங்கியது.

கவர் நகர்ந்தது. தரையை உரசியபடி. மெதுவாக. அவள் கால்விரலில் வந்து முட்டியது.

"இனிமே நான் எங்கேம்மா போவேன்?"

கோபமே இல்லாத குரல். மிக அருகில்.

திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் போடவில்லை. இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

படுக்கையறையில் பாயை உதறும் சத்தம்.

அங்கே பாய் கிடையாது. ஒரு சாமானும் கிடையாது.

பாய் தரையில் விரிந்தது. ஒரு கை அதை நீவிவிட்டது.

பிறகு, அதை ஒட்டினாற்போல், இன்னொரு பாய்.