நிரம்பிய கூடம்

மூன்றாவது முறையும் சர்வர் எழுந்தது, இரண்டு விநாடி நின்றது, விழுந்தது. புதிதாகப் போட்ட டேட்டாபேஸ் முதல் ஓட்டத்தில் முரண்டு பிடிப்பது அவன் பார்க்காததில்லை. கடவுச்சொல் தப்பாக இருக்கும், இல்லையென்றால் ஃபோல்டரைத் திறக்க அனுமதி இருக்காது. ஆனால் பதிவுக் கோப்பின் கடைசி வரி வேறொன்றைச் சொன்னது: ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய நூறு இணைப்புகளும் நிரம்பிவிட்டன, இனி இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கிளினிக் பூட்டிக் கிடந்தது. இந்த சர்வரிடம் தகவல் கேட்கக்கூடிய கம்ப்யூட்டர்கள் மொத்தமே ஆறு. ஆறையும் அவனே அணைத்திருந்தான்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்கினான். நூறு. இடமில்லை.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரே கண்ணாடித் தடுப்பு, அதன் அடியில் சீட்டு நீட்டுவதற்கு ஓர் அரைவட்ட ஓட்டை. அதற்கு அப்பால், ஷட்டர் இறக்கிய கூடத்தின் மங்கலில் ரெக்சின் நாற்காலிகள் வரிசை வரிசையாகச் சுவர்வரை போயின. துடைத்த தரையின் பினாயில் நெடிக்கு அடியில், காத்திருந்து காத்திருந்து ஊறிப்போன உடம்புகளின் வாடை இன்னும் போகவில்லை.

போன் அடித்தது. ஹெட் நர்ஸ்.

"என்ன தம்பி, எந்திரிச்சிருச்சா, இல்ல உன்னை மாதிரி ஞாயித்துக்கிழமை லீவு கேக்குதா?"

"கொஞ்சம் மக்கர் பண்ணுதுக்கா. பாத்துட்டிருக்கேன்."

"பாரு பாரு. படிப்ப பாதில விட்டவன்கிட்ட குடுக்கணுமான்னு டாக்டர் இழுத்தாரு. நான்தான் உனக்காக வாக்குக் குடுத்தேன், கவுத்துறாத. யாருக்கு எந்த மருந்து ஆகாதுங்கறது மட்டும் பத்திரம். நீ கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்தாச்சுன்னு சொன்னதும் பேப்பர் ஃபைலெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டோம்."

"சரிக்கா."

காப்பி எடுத்தாச்சு. வியாழக்கிழமை அப்படித்தான் சொன்னான். காப்பி பாதியில் நின்றதைக் கண்ணால் பார்த்தான். ஏன் நின்றது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. பழைய சர்வரின் டிஸ்க்கில் இருந்ததை முழுக்கத் துடைத்து அழித்தான். துடைக்குமுன் திரையில் இருந்த எண் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அத்தனை நோயாளிகள். வெள்ளிக்கிழமை காப்பியைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை.

இன்றைக்கு அவன் ஒரு வெறும் சர்வரை ஓடவைக்க வந்திருந்தான். ஓடினால்தான் நாளைக் காலை அது 'கெட்டுப்போக' முடியும். பழியை டிஸ்க்கின் தலையில் போடலாம். அதற்கான வாக்கியத்தைக்கூட பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான்.

இணைப்புகளின் வரம்பை ஐந்நூறாக உயர்த்தித் தொடங்கினான்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

ரெக்சின் மெத்தையில் ஆள் உட்கார்ந்தால் தையல் வழியே காற்று வெளியேறுமே, அந்தச் சத்தம். ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை முழுக்க, அவசரமில்லாமல், வந்தவர்கள் வந்தவர்களாக இடம் பார்த்து உட்காருவதுபோல். அவன் தலையைத் தூக்கவில்லை. திரையையே பார்த்தான்.

ஐந்நூறு. இடமில்லை.

எந்த எண்ணைப் போட்டால் சர்வர் விழாமல் நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் பயமாக இருந்தது. எழுந்து ஓடலாம், ஷட்டருக்குப் போகக் கூடத்தைத் தாண்ட வேண்டும். போனை எடுத்து உண்மையைச் சொல்லலாம். அது கூடத்தைத் தாண்டுவதைவிடக் கஷ்டமாகத் தெரிந்தது.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்று அடித்தான்.

சர்வர் எழுந்தது. நின்றது. விழவில்லை. பச்சை விளக்கு.

கூடத்தில் இப்போது சத்தமே இல்லை. நிறையப் பேர் வாயை மூடிக்கொண்டிருக்கும் அமைதி. கண்ணாடியில் அந்தப் பக்கமிருந்து மூச்சு படிந்துகொண்டிருந்தது.

மறுபடி போன்.

"ஓடுதா தம்பி?"

"ஓடுதுக்கா."

"எல்லார் விவரமும் இருக்கில்ல?"

அவன் கண்ணை மூடினான். ஒரு வார்த்தை போதும்.

"இருக்குக்கா. எல்லாம் இருக்கு."

"நீ தங்கம்டா. காலைல எட்டு மணிக்கு முதல் ஊசி. வெச்சிடறேன்."

கண்ணாடியில் படிந்த ஆவி நடுவில் இரண்டாகப் பிளந்து வழிந்தது.

துணி உரசும் சத்தம். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டுகிற சத்தம். ஒன்றல்ல.

அரைவட்ட ஓட்டை வழியே ஒரு கை வந்தது. கிழவியின் கை. முழங்கை மடிப்பு மேலே பார்க்க, நரம்பு தெரிய, மேசைமேல் நீண்டு கிடந்தது. அதன் குளிர் அவன் மணிக்கட்டுவரை எட்டியது.

"தம்பி, எனக்கு எது ஆகாதுன்னு பாத்துச் சொல்லுப்பா."

அதன்மேல் இன்னொரு கை. பெரிய கை, தழும்புகளோடு. அதற்கு அடியில் நுழைந்து, ஒரு குழந்தையின் கை.

"எனக்கு?"

"எனக்குப்பா?"

திரையில் பட்டியலைத் திறந்தான். வெற்று வரிகள். கீழே இறக்கினான். வெற்று வரிகள். ஓட்டை நிறைந்து, கைகள் ஒன்றை ஒன்று நெருக்கி உள்ளே வந்துகொண்டிருந்தன. எந்தக் கையும் அவனைப் பிடிக்கவில்லை. எல்லாம் உள்ளங்கையை மேலே திருப்பி, ஊசிக்குக் காட்டுவதுபோல், அவன் முன்னால் பொறுமையாகக் காத்துக் கிடந்தன.