விழுந்தவரும் விழுந்து கும்பிட்டவரும்

நிலவின் தென்முனைக் குடியிருப்பில், முதியோர் மருத்துவமனையின் சுவர்கள் காலை ஆறு மணிக்கு முப்பத்தெட்டு பேரின் மூச்சையும் எண்ணி முடித்து, "எல்லாரும் நலம்" என்று மென்குரலில் சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் சமையலறையில் காபிக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

சுவருக்குள் இருந்த கருவியின் பெயர் அலைச்செவி. அது படம் எடுக்காது. உடம்பில் எதையும் கட்டவும் சொல்லாது. அறை முழுக்க ரேடியோ அலைகளைப் பரப்பிவிட்டு, அவை திரும்பி வருவதைக் கவனிக்கும். ஒருவர் அசைந்தால் அலைகள் கலையும். மூச்சில் நெஞ்சு ஏறி இறங்கினால்கூடக் கலையும். கலைந்த விதத்தைப் பார்த்து, அவர் நடக்கிறாரா, தூங்குகிறாரா, விழுந்துவிட்டாரா என்று சொல்லிவிடும்.

அதைப் பராமரித்த இசக்கியம்மாளுக்கு ஒரே தலைவலி, காலில் விழுகிறவர்கள். அவர்களும் மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்து அது அலறும். பூமியில் விழும் வேகத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். மயங்கி விழுகிறவரும் இரண்டரை மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு, வணங்குவதுபோல நிதானமாகத் தரைக்கு வருவார். எலும்பு முறிவது அபூர்வம். ஆனால் ஏன் விழுந்தார் என்பதில்தான் உயிர் இருந்தது. அலைச்செவிக்கு முன்பு நாடி பார்க்கும் மணிக்கட்டுப் பட்டைகள் இருந்தன. அரிக்கிறதென்று அவற்றைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போன இரண்டு பேர் குளியலறையிலேயே இறந்துகிடந்தார்கள்.

"குடியிருப்பு ஆணையர் பார்வையிட வர்ற அன்னைக்கும் இது சும்மா அலறுச்சுன்னா, பிடுங்கிட்டு மறுபடி பட்டைதான்" என்று நிர்வாகி பெருமாள்சாமி சொல்லிவிட்டார்.

இசக்கி ஒரு மாதம் செவிலியர்களை விழச்சொல்லி, அலைச்செவிக்குப் பாடம் நடத்தினாள்.

"யாரு கால்ல விழணும்க்கா?"

"செவுத்து கால்ல விழு."

"செவுத்துக்கு ஏது காலு? ஆசீர்வாதமாவது பண்ணுமா?"

"பண்ணாது. நீ விழு."

வித்தியாசம் கையிலும் மூச்சிலும் இருந்தது. வணங்குகிறவரின் கைகள் முன்கூட்டியே சேர்ந்துவிடும். தரையில் கிடக்கும்போதும் மூச்சு சீராக ஓடும். மயங்குகிறவரின் கைகள் தொங்கிவிடும். மூச்சு அறுந்து அறுந்து வரும். இதைச் சுவர் நன்றாகவே கற்றுக்கொண்டது.

பெரியவர்கள் காலில் விழுவது பழைய வழக்கம். நிலவுக்கு வந்தபோது யார் பெரியவர் என்பதைப் பதவியே முடிவு செய்தது. ஆணையர் உலகநாதனுக்கு நாற்பது வயது. அவர் உள்ளே வந்ததும் பெருமாள்சாமி விழுந்தார். அவரைப் பார்த்து ஐந்து செவிலியர்கள் விழுந்தார்கள். சுவர் வாயே திறக்கவில்லை. இசக்கி மெல்லச் சிரித்துக்கொண்டாள்.

அப்போது சுடலைமுத்து வந்தார். எழுபத்தாறு வயது, பூமி தெரிகிற அறை வேண்டுமென்று கையில் மனு வைத்திருந்தார். ஆணையருக்கு எதிரே நின்றவர் அப்படியே மெதுவாகச் சரிந்து, அவர் காலடியில் குப்புறப் படுத்தார். கையிலிருந்து நழுவிய மனு அவருக்குப் பிறகே தரையைத் தொட்டது.

சுவர் அலறியது.

"எந்திரிங்க பெரியவரே, நல்லா இருங்க" என்று ஆணையர் கையை உயர்த்தினார்.

"அத அணைம்மா, மானம் போவுது" என்று பெருமாள்சாமி பல்லைக் கடித்தார்.

"சார், அவரு விழுந்துட்டாரு."

"விழுந்திருக்காருன்னு எங்களுக்கும் தெரியுதுல்லா. அணை."

இசக்கி அணைக்கவில்லை. ஆணையரின் காலைத் தள்ளிவிட்டுக் கிழவரைப் புரட்டினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சுவரிலிருந்த இதய அதிர்வுக் கருவியை இழுத்து அவர் நெஞ்சில் வைத்தாள். இரண்டாவது அதிர்வில் நாடி திரும்பியது.

ஒரு வாரம் கழித்து ஆணை வந்தது. அலைச்செவி நீடிக்கலாம், ஆனால் உயர் அதிகாரிகளைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் யார் விழுந்தாலும் அது ஒலி எழுப்பக் கூடாது. இசக்கி சுடலைமுத்துவின் கட்டிலருகே உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினாள்.

"அது கெடக்கட்டும் தாயி. நான் கீழ கெடக்கையில, நல்லா இருங்கன்னு அவரு கைய தூக்குனாராமே?"

"தூக்குனாரு."

"பாத்தியா, பலிச்சிட்டு. ஒடம்பு தேறுனதும் மொத வேலையா அவரு கால்ல போயி விழணும்."

இசக்கி ஆணையை மடித்தாள்.

"விழுங்க பெரியப்பா. மூணு மீட்டர் தள்ளி நின்னு விழுங்க."