மூணு பேருக்கு மாத்திரை

செல்போன் அலறியது.

டாக்டரின் கை கைப்பைக்குப் போனது. இடுப்பில் கத்தி முனை உறுத்தியது.

"எடுக்காதீங்க டாக்டர். அடிச்சு ஓயட்டும்."

பட்டப்பகல். நல்ல பிள்ளையாக சிக்னலில் நின்று, நல்ல பிள்ளையாகக் கிளம்பியது கார். குழந்தை டாக்டர் அவள். கிளினிக்கைப் பூட்டிவிட்டுச் சாப்பிடக் கிளம்பியவளை இரண்டு பேர் மடக்கியிருந்தார்கள். கத்தி வைத்திருந்தவன் தாடிக்காரன். கார் ஓட்டியவன் ஒல்லி. "குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி. மருந்துப் பைய எடுத்துக்குங்க."

மாடி வீடு. ஜன்னல்களில் போர்வை. மூலையில் ஒரு மெத்தை. மெத்தையில் மூன்று வயதுப் பெண் குழந்தை, சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தது.

"ரொம்ப சமத்து டாக்டர். நேத்து பூரா ஒரே அழுகை. இன்னிக்கு காலையிலேருந்து சத்தமே இல்ல" என்றான் தாடிக்காரன், ஏதோ பெற்றவன் மாதிரி.

அந்தச் சமத்துதான் டாக்டருக்குப் பிடிக்கவில்லை.

குழந்தையைத் திருப்பினாள்.

முகம் தெரிந்த முகம்... இரண்டு நாளாக எல்லா டி.வி.யிலும் 'காணவில்லை' என்று காட்டிக்கொண்டிருக்கிறார்களே, அதே முகம்!

அவள் காட்டிக்கொள்ளவில்லை. விளக்கைப் போட்டாள். குழந்தை முனகியபடி கண்களைக் கைக்குள் புதைத்தது. உடம்பு கொதித்தது. தலைக்கு அடியில் கை கொடுத்து மெல்லத் தூக்கினாள். கழுத்து வளையவில்லை... தலையோடு முதுகும் சேர்ந்து எழுந்தது.

பாவாடையை விலக்கினாள். தொடையில் கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"கண்ணாடி டம்ளர் இருக்கா?"

"தண்ணி வேணுமா?" ஒல்லி கேட்டான்.

"டம்ளர் மட்டும் போதும்."

டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளிகளின் மேல் வைத்து அழுத்தினாள். சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தும்போது மறையும். இவை மறையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றன.

"என்ன டாக்டர், கொசுக்கடியா?"

"ரத்தத்துல கிருமி. மூளையச் சுத்தி இருக்கிற உறையிலயும் ஏறிடுச்சு. மூளை உறைக் காய்ச்சல்."

பேசிக்கொண்டே ஆன்டிபயாடிக் மருந்தைக் கலந்து ஊசியில் ஏற்றினாள். இந்த நோயில் யோசிப்பதற்கு நேரம் கிடையாது. ஊசி இறங்கியது. குழந்தை அதற்கும் அழவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

"ஊசி போட்டாச்சுல்ல? அப்புறம் என்ன?"

"இது ஆரம்பம்தான். உடனே ஆஸ்பத்திரில சேக்கணும். டிரிப்ஸ் ஏத்தணும், பக்கத்துலயே இருந்து பாக்கணும். இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. தாங்கினாலும் காது போகலாம், கை கால் போகலாம்."

"ஆஸ்பத்திரி எல்லாம் முடியாது."

"அப்ப சரி. கடத்தல் கேஸு கொலை கேஸாகும். முடிவு பண்ணிக்குங்க."

தாடிக்காரன் போனோடு பாத்ரூமுக்குள் போனான். கதவு சாத்தியும் குரல் கசிந்தது.

"இல்லண்ணே... நெஜமாவே மோசம்ணே... செத்துடும்னு சொல்றாங்கண்ணே..."

பிறகு கதவு திறந்தது. தாடிக்காரனின் நெற்றி வியர்த்திருந்தது.

"டாக்டர்... இது எங்களுக்கு ஒட்டுமா?"

பிறத்தியார் பிள்ளையைத் தூக்கி வந்தவனுக்கும் தன் உயிர் வெல்லக்கட்டிதானே.

"குழந்தையத் தூக்கி வச்சிருந்தீங்களா? அது குடிச்ச டம்ளர்ல குடிச்சீங்களா?"

ஒல்லி மெத்தை ஓரமாக அவள் வைத்திருந்த டம்ளரைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

டாக்டர் பையைத் துழாவினாள். போன வாரம் இதே நோயோடு வந்த ஒரு குழந்தையின் வீட்டாருக்குக் கொடுத்தது போக, மாத்திரை மீதி இருந்தது. அதைக் கொடுக்கும்போதெல்லாம் மறக்காமல் ஒரு வாக்கியம் சொல்வாள். இன்று அந்த வாக்கியத்தை மட்டும் விழுங்கினாள்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டு நாளைக்கு. இப்பவே ஆரம்பிச்சிடுங்க. ரெண்டு பேருக்குத் தர்றேன்."

"மூணு பேருக்குக் குடுங்க" என்றான் தாடிக்காரன்.

டாக்டர் மாத்திரைகளை எண்ணினாள். மூன்று பேருக்குக் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு தெரு முன்னாடி எறக்கி விடறோம். திரும்பிப் பாத்தீங்கன்னா..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலை.

முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர் கலங்கலாக வந்திருந்தது. அவள் சந்தேகம் சரி. ராத்திரி முழுக்க மருந்து ஏறியது. விடிந்ததும் குழந்தை கண் விழித்து, 'அம்மா' என்று வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் டாக்டர் ஒரு வாய் காபி குடித்தாள். காது சரியாகக் கேட்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

வெளி வராந்தாவில் இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கம்பி நீட்டிட்டானுங்க டாக்டர். ஆனா பின்னால ஒருத்தன் இருக்கான். குழந்தை கத்தாம கூடப் போயிருக்குன்னா, தெரிஞ்ச ஆளுதான்."

"பாப்போம் சார். முதல்ல ஒரு ஊசி பாக்கி இருக்கு."

நோய் பரவாமல் இருக்க வீட்டில் எல்லோருக்கும் தடுப்பு மருந்து. குழந்தையின் அம்மா மறுபடி முழுகாமல் இருந்ததால், மாத்திரை வேண்டாம் என்று எல்லோருக்கும் ஊசியாகவே போட்டிருந்தாள். அப்பா போட்டுக்கொண்டார். அம்மா போட்டுக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்த சித்தப்பா மட்டும் மறுத்தார்.

"எனக்கெதுக்கு டாக்டர்? பத்து நாளா நான் வெளியூர்ல இருந்தேன். நேத்துதான் வந்தேன். குழந்தை பக்கத்துலயே போகல... ஐயோ, என் செல்லம்..."

வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

டாக்டர் கைக்குட்டையைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார்... யூரின் செவப்பா போகுதா?"

அழுகை சட்டென்று நின்றது.

"ஆமா டாக்டர்... நேத்து ராத்திரிலேருந்து. பயத்துல தூக்கமே இல்ல. உங்களுக்கு எப்படி... ஐயோ, எனக்கும் அது வந்துடுச்சா?"

"பயப்படாதீங்க. அது நோய் இல்ல. நான் குடுத்த மாத்திரை."

இன்ஸ்பெக்டர் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"யூரின், வேர்வை, கண்ணீர்... எல்லாத்துக்கும் கலர் ஏத்திடும். எப்பவும் முன்கூட்டியே சொல்லி அனுப்புவேன். நேத்து இடுப்புல கத்தி இருந்துச்சா, சொல்ல விட்டுப்போச்சு."

"தம்பி..." குழந்தையின் அம்மா அவரிடமிருந்து இரண்டடி விலகி நின்றாள்.

சித்தப்பாவின் கையிலிருந்து கைக்குட்டை நழுவியது. வெள்ளைத் துணியில் கண்ணீர் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சுத் திட்டு.

இன்ஸ்பெக்டர் அதை பத்திரமாக எடுத்து ஒரு கவருக்குள் போட்டார். சித்தப்பாவின் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"மருந்துப் பெட்டிக்குள்ள ஒரு சீட்டை மடிச்சு வச்சிருப்பான் சார், பொடி எழுத்துல. யாரும் படிக்கறதில்ல. நீங்க இனிமே படிங்க... உள்ள பொழுது போகணும்ல!"