கஸுமா ஒளித்த பொட்டலம்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் அன்று காலையில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வயிற்றில் இடம் வேண்டுமே! இமோனி நாள் அல்லவா?

இலையுதிர் காலம் வந்துவிட்டால் யமகாதா ஊரில் ஆற்றங்கரை முழுக்கப் புகைதான். கல்லை அடுக்கி அடுப்பு மூட்டுவார்கள். பெரிய குண்டானை ஏற்றி, சேப்பங்கிழங்கும் கறியும் போட்டு, ஆவி பறக்க இமோனி காய்ச்சுவார்கள். மற்ற நாட்களில் அது பெரியவர்களின் வேலை. ஐந்தாம் வகுப்புக்கு வந்தவர்கள் மட்டும், ஒரு நாள், எல்லாவற்றையும் தாங்களே செய்யலாம். நெருப்பு மூட்டுவதுகூட!

"தள்ளுங்க, தள்ளுங்க! குண்டான் வருது!" என்று கத்திக்கொண்டே ரிகுதோ தள்ளுவண்டியை இழுத்து வந்தான். வண்டியில் குண்டான் டமடமவென்று குதித்தது.

"மெதுவாடா! கிழங்கு உருண்டு ஓடுது!" என்று பின்னால் ஓடி வந்தாள் தமாகி. அவள்தான் அந்தக் குழுவின் தலைவி. தோல் சீவிய சேப்பங்கிழங்கு அவள் பொறுப்பு. வெங்காயத்தாள் சுமிரே பொறுப்பு. சோயா சாஸும் நூடுல்ஸும் ரிகுதோ பொறுப்பு. கறி மட்டும் கஸுமாவின் பொறுப்பு.

கஸுமா கோடை விடுமுறைக்குப் பிறகுதான் இந்தப் பள்ளியில் சேர்ந்தவன். மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரையில் இருக்கும் சகாதாவிலிருந்து வந்திருந்தான். கேட்டால் பதில் சொல்வான். கேட்காவிட்டால் சிரிப்பான். அவ்வளவுதான். இன்றைக்கு அவனுக்கும் கால் தரையில் நிற்கவில்லை. கறி இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தான்.

கரையில் இறங்கியதும் ஒரே கூச்சல். தட்டையான கல்லுக்குச் சண்டை, காய்ந்த விறகுக்குச் சண்டை. பக்கத்து இடத்தைப் பிடித்தது ஹயாதேயின் குழு. வகுப்பிலேயே பெரிய வாய்க்காரன் அவன்.

"பாருங்கடா, எங்க மாட்டுக்கறியை!" என்று பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான் ஹயாதே. "இது போட்டாத்தான் இமோனி!"

ரிகுதோவும் விடவில்லை. "பின்னே? மலைக்கு அந்தப் பக்கம் பன்றிக்கறியைப் போட்டு, மிசோ விழுதைக் கரைச்சு ஊத்துவாங்களாம். அதுக்குப் பேரு இமோனியாம்! எங்க மாமா சொன்னாரு. குட்டையில விழுந்த பன்றி மாதிரி இருக்குமாம்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தமாகியும் சிரித்தாள்.

கஸுமா சிரிக்கவில்லை. அவன் பையைத் தோளிலிருந்து இறக்கி, தன் மேல்சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டான்.

அடுப்பு பற்றிக்கொண்டது. தண்ணீர் கொதித்தது. கிழங்கு உள்ளே போனது. "கறி!" என்று கை நீட்டினான் ரிகுதோ.

"அது வந்து…" கஸுமா தரையைப் பார்த்தான். "மறந்துட்டேன்."

"என்னது?"

"வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

"டேய்! கறி இல்லாம இமோனியா? காலையில நான் ஒரு வாய்கூடத் திங்கலடா!" ரிகுதோ தலையில் கை வைத்துக்கொண்டு கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். சுமிரேவுக்கு அழுகையே வந்துவிட்டது.

தமாகிக்கும் கோபம் வந்தது. ஒரு வருஷமாகக் காத்திருந்த நாள் ஆயிற்றே! ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள். கஸுமாவின் பைக்குக் கீழே இருந்த கல் மட்டும் ஈரமாக இருந்தது. பையின் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

கறி கெடாமல் இருக்க ஐஸ் வைத்துத்தானே அனுப்புவார்கள்? அவள் அம்மாவும் அப்படித்தான் செய்வாள்.

"கஸுமா, தண்ணி எடுத்துட்டு வரலாம், வா" என்று வாளியை எடுத்தாள் தமாகி.

ஆற்று ஓரத்தில், மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில், "பையில என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

கஸுமாவின் காது சிவந்தது. "ஒண்ணுமில்ல."

"ஐஸ் உருகுது."

அவன் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான். "நீ கறின்னுதானே சொன்னே? எங்க ஊர்ல இமோனிக்குக் கறின்னா பன்றிக்கறிதான். வேற மாதிரி செய்வாங்கன்னே எனக்குத் தெரியாது. அம்மா வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எழுந்து நறுக்கிக் கொடுத்தாங்க. மிசோவும் வெச்சாங்க. 'எல்லாரும் அசந்துடுவாங்க பாரு'ன்னாங்க." அவன் குரல் இறங்கியது. "எடுத்தா எல்லாரும் சிரிப்பாங்க. ஏற்கெனவே சிரிச்சாச்சு."

தமாகிக்கு முகம் சுட்டது. சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

"நான்தான் கறின்னு மொட்டையாச் சொன்னேன்" என்றாள். பிறகு வாளியை நிரப்பிக்கொண்டே யோசித்தாள். பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டலாம். ஆனால் ரிகுதோ ஏதாவது சொல்லித் தொலைப்பான். அவன் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது. அவனே கேட்டு வாங்கினால்?

"நான் போய்ப் பேசறேன். நீ பையை எடுத்துட்டுப் பின்னாலயே வா. திறக்கறதும் திறக்காததும் உன் இஷ்டம்" என்றாள்.

அடுப்படியில் ரிகுதோ சோயா சாஸ் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான்.

"ரிகுதோ, இப்போ நமக்கு ரெண்டு வழிதான்" என்றாள் தமாகி. "வெறும் கிழங்கைத் திங்கலாம். இல்லேன்னா ஹயாதேகிட்டே போய்க் கொஞ்சம் கறி குடுன்னு கேக்கலாம்."

"ஹயாதேகிட்டயா? அதுக்கு நான் கல்லைத் திம்பேன்!"

"பன்றிக்கறி கிடைச்சா?"

"பன்றிக்கறியா?" அவன் முகத்தைச் சுளித்தான்.

"இங்க எல்லா அடுப்புலயும் ஒரே மாதிரி இமோனி. நம்ம அடுப்புல மட்டும் வேற. நீ ஒரு தடவையாவது தின்னு பாத்திருக்கியா?"

"இல்ல."

"உங்க மாமா?"

ரிகுதோ யோசித்தான். "அவரும் தின்னிருக்க மாட்டாரு."

"பயமா?"

"எனக்கா பயம்? இப்ப இருக்கற பசியில பன்றிக்கறி என்ன, எது கிடைச்சாலும் திம்பேன். ஆனா எங்கே இருக்கு? ஆத்துல நீந்தி வருமா?"

 தமாகி கஸுமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே விறகைக் கிளறினாள்.

சர்ரென்று பை திறக்கும் சத்தம் கேட்டது.

ரிகுதோ பொட்டலத்தைப் பார்த்தான். கஸுமாவைப் பார்த்தான். "மறந்துட்டேன்னு சொன்னியே!"

"மறக்கல" என்றான் கஸுமா. "மறைச்சேன். நீ சொன்னதைக் கேட்டுட்டு."

ரிகுதோ பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டான். 

"நீ அந்தப் பக்கத்து ஆளா? அட… அது சும்மா சொன்னதுடா. கூட நாலு பேரு சிரிச்சா எனக்கு நாக்கு நிக்காது." அவன் தலையைச் சொறிந்தான். "மன்னிச்சுக்கோ." பிறகு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "சரி, சரி, என்ன செய்யணும்? சொல்லு! பசி உயிர் போகுது!"

அதன் பிறகு அந்த அடுப்பில் நடந்தது ஒரே அமர்க்களம்.

"கறியைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடு! ஒட்டிக்கும்!"

"நுரையை எடு, சுமிரே!"

"ஊது, ரிகுதோ, ஊது!"

ரிகுதோ ஊதிய ஊதலில் சாம்பல் முழுக்க அவன் மூஞ்சியில் அப்பியது. கஸுமா கரண்டியில் மிசோவை எடுத்து, சூப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தான். குண்டானிலிருந்து கிளம்பிய வாசனையில் நால்வருக்கும் வாயில் எச்சில் ஊறியது.

வாசனை பிடித்து ஹயாதே வந்து எட்டிப் பார்த்தான். "ஐயய்ய! என்னடா இது, கலங்கலா? குட்டைத் தண்ணியா?"

"எங்க குண்டானைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, இந்தக் கரண்டியாலயே போடுவேன்!" என்று கத்தியவன் வேறு யாருமில்லை, ரிகுதோதான்.

ஹயாதே சிரித்துக்கொண்டே திரும்பிப் போனான். போனவன் சும்மா இருந்தானா? எரிவது போதாதென்று, தொடை தடிமனில் ஒரு கட்டையை தங்கள் அடுப்புக்குள் திணித்தான். அது உள்ளே போகவில்லை. காலால் ஓங்கி ஓர் உதை விட்டான்.

அடுப்புக் கல் ஒன்று நகர்ந்தது. குண்டான் மெல்லச் சாய்ந்தது.

"பிடி, பிடி!"

"தொடாதீங்க, சுடும்! எல்லாரும் பின்னால வாங்க!" என்று தூரத்தில் காவலுக்கு நின்ற ஒகுயாமா டீச்சர் அலறினார்.

புஸ்ஸ்ஸ்! வெள்ளைப் புகை எழும்பியது. கிழங்கு எட்டுத் திசையிலும் உருண்டது. மாட்டுக்கறி கூழாங்கல் மேல் பரந்து கிடந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த பருந்துகள் அதற்காகவே காத்திருந்தன போலும்! ஒன்று விர்ரென்று இறங்கி, ஹயாதேயின் மூக்குக்கு முன்னால் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போனது. இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்தது.

"போ! போ! எங்க கறி!" என்று ஹயாதே குதித்தான். ரிகுதோ மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு டங் டங்கென்று தட்டியபடி ஓடினான். பருந்துகள் போய்விட்டன. கறியும் போய்விட்டது.

ஹயாதேயின் குழுவில் நாலு பேரும் காலிக் கிண்ணத்தோடு நின்றார்கள். ஒரு பெண் விசும்பத் தொடங்கினாள். 

தமாகி குண்டானைப் பார்த்தாள். நாலு பேருக்குக் காய்ச்சியது. எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு அரைக் கிண்ணம்கூடத் தேறாது. அவள் வயிறும் கூவிக்கொண்டுதான் இருந்தது.

"கஸுமா" என்றாள் மெதுவாக. "அவங்களைக் கூப்பிடலாமா? நீ சொல்றதுதான்."

கஸுமா ஹயாதேயைப் பார்த்தான். குட்டைத் தண்ணீர் என்று சொன்னவன் இப்போது தன் காலணி நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் வாங்க!" கஸுமா இவ்வளவு சத்தமாகப் பேசுவான் என்று யாருக்கும் தெரியாது. "கிண்ணத்தோட வாங்க! சுடச்சுட இருக்கு!"

கஸுமாவே பரிமாறினான். ஹயாதே கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஒரு வாய் குடித்தான். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் இன்னொரு வாய் குடித்தான். பிறகு கிண்ணத்தைக் கீழே இறக்கவே இல்லை.

"எப்படி இருக்கு, குட்டைத் தண்ணி?" என்று கேட்டான் ரிகுதோ.

"இரு, பேசாதே" என்றான் ஹயாதே, வாய் நிறையக் கிழங்கோடு.

ரிகுதோவும் குடித்தான். அவன் கண் இரண்டும் விரிந்தன. "டேய் கஸுமா! இதை ஏன்டா இவ்வளவு நேரம் ஒளிச்சு வெச்சிருந்தே?"

கிண்ணங்கள் நொடியில் காலியாயின. யாருக்கும் வயிறு நிறையவில்லை. குண்டானின் அடியில் கொஞ்சம் சூப்தான் மிச்சம். அப்போதுதான் தமாகிக்கு அது தோன்றியது. இமோனியைக் குடித்து முடித்த பிறகு, மிஞ்சிய சூப்பில் மசாலாக் கட்டியைக் கரைத்து, நூடுல்ஸைப் போட்டுத் தின்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம்.

"ஹயாதே! உங்க நூடுல்ஸ் கொட்டலையே?"

"நூடுல்ஸா? பையில இருக்கு! மசாலாக் கட்டியும் இருக்கு!"

"எடுத்துட்டு வா! நம்மளுதும் இருக்கு. எல்லாத்தையும் இதுலயே போடுவோம்!"

எட்டுப் பேரும் குண்டானைச் சுற்றிக் குனிந்தார்கள். வாளித் தண்ணீரைச் சேர்த்ததும் இரண்டு குழுவின் நூடுல்ஸும் உள்ளே விழுந்தது. மசாலா கரைந்தது. மிசோ வாசனையும் மசாலா வாசனையும் சேர்ந்து கரையெல்லாம் பரவியது. அடுத்த அடுப்புக்காரர்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கடுத்த அடுப்புக்காரர்களும் வந்தார்கள். கடைசியில் ஒகுயாமா டீச்சரே கிண்ணத்தோடு வரிசையில் நின்றுவிட்டார்.

"வரிசை, வரிசை! முண்டக் கூடாது!" என்று ரிகுதோ கரண்டியை ஆட்டி ஆட்டி அதட்டினான்.

"இது என்ன இமோனிடா?" என்று டீச்சர் கேட்டார்.

"சமைச்சவன்கிட்டே கேளுங்க டீச்சர்!" என்று கஸுமாவை முன்னால் தள்ளினான் ரிகுதோ.

பிற்பகலில் குண்டானை ஆற்று மணல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, வண்டியில் ஏற்றினார்கள். ஹயாதேயும் தள்ள வந்தான்.

"உங்க ஊர்ல கடல்கிட்டவே அடுப்புப் போடுவீங்களா?" என்று கேட்டான் ரிகுதோ.

"போடுவோம். ஆனா அங்க கடற்காகம் ரொம்ப மோசம். ஒரு தடவை எங்க மாமா தலையில இருந்த தொப்பியையே…" என்று ஆரம்பித்தான் கஸுமா.

பள்ளிக்கூடம் வந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போக மணியடித்த பிறகும், மற்ற ஏழு பேரும் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.