ராடாவின் அறையில் ஒரு நொடி வெளிச்சம்

அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. சுவரில் விழுந்ததோ இரண்டு நிழல்.

டெஸ்பினா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூபர் பீடி ஒரு பாலைவனச் சுரங்க ஊர்; வெயிலுக்குப் பயந்து பாதி ஊர் பூமிக்கடியில்தான் குடியிருக்கிறது. மலையைக் குடைந்த அந்த வீடுகளில் சுவர் ஒருநாளும் சமமாக இருக்காது; குடைந்த இயந்திரத்தின் பல்தடம் வளையம் வளையமாக ஓடும், அதில் விழுகிற நிழல் வளையும், உடையும், சில சமயம் இரண்டாகக்கூடப் பிரியும். ஓப்பல் ரத்தினக் கல் தோண்ட வந்த கிரேக்க அப்பாவுக்கு இதே ஊரில் பிறந்து, இதே மாதிரி ஒரு குகை வீட்டில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் புதிதா என்ன? விற்பனைக்கு வரும் வீடுகளையும், எப்போதாவது கல்யாணங்களையும் படமெடுத்துக் கொடுப்பதுதான் இப்போது அவள் பிழைப்பு.

வெளியே நண்பகல். கல்லும் ஈயும் வெந்துபோகிற வெயில். உள்ளே, ஸ்டோயன் கிழவரின் வீட்டில், பானைத் தண்ணீரில் கைவிட்ட மாதிரி ஒரு குளிர்ச்சி. அவருடைய சுரங்கமும் அவள் அப்பாவின் சுரங்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. சின்ன வயதிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அடுத்த வாரம் போர்ட் அகஸ்டாவில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அதற்குள் வீட்டை விற்றாக வேண்டும்.

"கடைசி அறையை நல்லா எடும்மா," என்று சமையலறையில் காப்பிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டே சொல்லியிருந்தார். "ராடாவுக்குன்னு நானே குடைஞ்சது."

"நீங்களும் வாங்களேன் மாமா. எந்தப் பக்கம் எடுக்கணும்னு காட்டுங்க."

"நான் எதுக்கு? என் மூஞ்சி படத்துல விழுந்தா எவன் வீடு வாங்குவான்?"

சிரித்தார். ஆனால் அடுப்பைவிட்டு நகரவில்லை.

ராடா அவர் மனைவி. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் அடிலெய்டு பஸ் ஏறிப் போய்விட்டாள் என்று ஊரில் பேச்சு. ஏறியதைப் பார்த்தவர் யாருமில்லை. யாரும் துருவிக் கேட்கவுமில்லை. ஓடி வந்தவர்களும் ஓடிப் போனவர்களும் நிறைந்த ஊர் அது.

கேமராவை அறையின் உள்மூலையில் முக்காலியில் நிறுத்தியிருந்தாள் டெஸ்பினா. எதிர்ச்சுவரும், அதன் ஓரத்தில் கதவில்லாத வாசலும் சேர்ந்து படத்தில் வர வேண்டும். லென்ஸை ஒட்டி, விரல்நுனிக்கு மட்டும் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால், மேலே பொருத்திய ஃபிளாஷ் ஒரேயடியாக வெடிக்காமல், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி 'டர்ர்ர்' என்று ஒரு நொடி படபடத்து எரியும். படம் எடுக்கும் முன்பே வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே சாயும் என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். கல்யாணப் பெண்ணின் மூக்கு நிழல் உதட்டில் விழாமலிருக்க அவள் நம்புவது அந்தப் பொத்தானைத்தான். அறை இருட்டாக இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும் என்பதால், வாசலருகே இருந்த சுவிட்சில் பல்பை அணைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு மூலைக்கு வந்திருந்தாள். நடைவழி இரண்டு இடத்தில் வளைந்து போவதால் சமையலறை வெளிச்சம் இங்கே எட்டவில்லை. செல்போன் வண்டியில் சார்ஜில் கிடந்தது.

முதல் தடவை அமுக்கியபோது தெரிந்தது நாற்காலியின் நிழல். அதன் பக்கத்தில், தரையோடு தரையாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இன்னொன்று.

படத்தை எடுத்தாள். ஃபிளாஷ் கண்ணைப் பறித்துக்கொண்டு போனது. பின்திரையில் பார்த்தாள். ஒரு நாற்காலி, ஒரு நிழல். சுத்தமான படம்.

'பல்தடம்தான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். திரை தானாக அணைந்தது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வருஷம் முழுக்க மழைக்கு ஏங்குகிற ஊரில், பூமிக்கடியில், அப்போதுதான் நனைந்த மண்ணின் வாசனை, அதற்கடியில் பெட்டியில் மடித்து வைத்துப் பல காலமான துணியின் வாசனை, அதற்கும் அடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒரு இனிப்பு. எங்கோ கூரையிலிருந்து மணல் உதிர்ந்தது. பொடிப்பொடியாக, யாரோ அரிசி சிந்துகிற மாதிரி.

மறுபடி பொத்தானை அமுக்கினாள்.

டர்ர்ர்.

நாற்காலியின் நிழல் இருந்த இடத்தில் இருந்தது. மற்றது எழுந்து நின்றிருந்தது.

தலை, தோள், பக்கவாட்டில் தொங்கும் கைகள். ஃபிளாஷுக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலியைத் தவிர வெற்றுத் தரைதான். அந்த ஒரு நொடிக்குள் அவள் அதை நன்றாகவே பார்த்துவிட்டாள். நிழலை உண்டாக்க அங்கே எதுவும் இல்லை.

இருட்டு. கண்ணுக்குள் பச்சையாக ஒரு பொட்டு மிதந்தது. வாசல் எதிரே இருக்கிறது, சில எட்டு வைத்தால் போய்விடலாம், ஆனால் அந்தச் சில எட்டும் அறையின் நடுவே வைக்க வேண்டியவை என்பதை அவள் கால்கள் அவளுக்கு முன்பே புரிந்துகொண்டு மரத்துப்போயின. படம் எடுக்கும் பொத்தானைத் தட்டி இன்னொரு படம் எடுத்தாள். திரையில் வெறும் அறை. காலி. படத்தில் எதுவுமில்லை, எதுவுமே இல்லை. அந்த ஆறுதலில்தான் மூன்றாம் தடவை லென்ஸ் ஓரத்துப் பொத்தானுக்குப் போனாள்.

டர்ர்ர்.

நிழல் கூரையைத் தொட்டது.

விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெரிதாகும். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்கிற விஷயம் அது. நிழல் வளரவில்லை. எதுவோ கிட்டே வருகிறது.

"மாமா!" குரல் பாதிதான் வந்தது. "மாமா! லைட்டப் போடுங்க! இங்க வாங்க!"

நடைவழியில் செருப்புத் தேய்கிற சத்தம். அவசரமே இல்லாத சத்தம். வாசலருகே வந்து நின்றது. இருட்டில் கிழவரின் மூச்சு இரைந்தது.

"சுவிட்சு உங்க கைக்கிட்டதான் மாமா. போடுங்க."

சுவிட்சின் மேல் விரல் உரசுகிற சத்தம் கேட்டது. பல்பு எரியவில்லை.

"மாமா?"

"இந்த டர்ர்ருங்கற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு," என்றார் ஸ்டோயன். "அவ தெரியறாளா?"

டெஸ்பினாவின் முதுகு சுவரில் போய் ஒட்டியது. முக்காலிக்குப் பக்கவாட்டில் ஒண்டி நின்றாள். கை மட்டும் கேமராவைவிட்டு வரவில்லை.

"பல்பு போட்டா வரமாட்டா," என்றார் அவர். "மெழுகுவத்தி வச்சுப் பாத்தேன். டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். ஒருநாள் இங்க வெல்டிங் வச்சப்ப, அந்தப் பொறி வெட்டி வெட்டி எரியற வெளிச்சத்துல... அப்புறம் இந்த அறைக்கே நான் வரலை. இப்ப ஊரை விட்டே போறேன். ஒரு தடவை. எனக்காக ஒரே தடவை அமுக்கும்மா."

"லைட்டப் போடுங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"எம்மேல கோவமா இருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அவர் கேட்டதற்காக அவள் அமுக்கவில்லை. இருட்டில் மிக அருகே, கட்டாந்தரையில், வெறுங்கால் ஒன்று எடுத்து வைக்கிற சத்தம் கேட்டதால் அமுக்கினாள்.

டர்ர்ர்.

வாசலில் ஸ்டோயன். நரைத்த தாடி, பழுப்புச் சட்டை, சுவிட்சின் மேல் வைத்தபடியே இருக்கும் கை. எதிர்ச்சுவர் முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பு சுவரோடு நிற்காமல் வாசலுக்கும் வழிந்து, அவர் நெஞ்சில் ஏறி, கழுத்தில் ஏறி, முகத்தில் பாதியை மூடியிருந்தது. மீதிப் பாதி முகத்தில் ஒரு கண் அகலத் திறந்து வெளிச்சத்தையே பார்த்தது. அது அழுதுகொண்டிருந்தது.

இருட்டு.

"ராடா," என்றார் கிழவர். அவ்வளவு மெதுவாக அவர் பேசி டெஸ்பினா கேட்டதே இல்லை.

ஈர மண் வாசனை முகத்தில் மோதியது. குளிர். வீட்டின் குளிர்ச்சி இல்லை இது. ஆழக் கிணற்றின் குளிர்.

"இன்னொரு தடவை," என்றது வாசல் பக்கத்துக் குரல். "இன்னொரு தடவை அமுக்கும்மா. எந்தப் பக்கம் திரும்பியிருக்கா? என் பக்கமா, உன் பக்கமா?"

மூச்சு விடவே பயமாக இருந்தது. விடாமலிருக்கவும் முடியவில்லை. கண்ணை மூடினாள். திறந்தாள். இரண்டும் ஒன்றுதான். தெரியாமல் நிற்பதைவிடத் தெரிந்துகொண்டு நிற்பது மேல் என்று விரல் தானாக முடிவு செய்தது.

டர்ர்ர்.

சத்தம் கேட்டது. ஃபிளாஷின் படபடப்பு உள்ளங்கை வரை அதிர்ந்தது.

வெளிச்சம் வரவில்லை.

"அமுக்கினியா?" என்று கேட்டார் ஸ்டோயன்.

"அமுக்கினேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

செருப்புச் சத்தம் ஒரு எட்டுப் பின்வாங்கியது. பிறகு இன்னொரு எட்டு. பிறகு ஓட்டம்; வயதான கால்கள் தடுமாறி, சுவரில் மோதி, நடைவழியின் வளைவில் தேய்ந்து மறைகிற ஓட்டம். பல்பை அவர் போடவே இல்லை.

"மாமா..."

விரல் மறுபடி அமுக்கியது.

டர்ர்ர்.

இம்முறை வெளிச்சம் வந்தது. அவள் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில். சிவப்பாக.

காற்றில் இதுவரை எதுவும் தெரியாத இடத்தில், வெளிச்சம் உள்ளே புகுந்து வந்ததால் மட்டுமே தெரிந்தது அது: ஃபிளாஷின் முகத்தை அழுந்தப் பொத்தியிருந்த ஒரு கை. சதை செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. அதற்குள் விரலெலும்புகள் கறுப்பாக, ஒல்லியாக, கணுக்கணுவாக.

ஒரு நொடியில் அணைய வேண்டிய விளக்கு அணையவில்லை. டர்ர்ர் என்ற சத்தம் நிற்கவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுக்க அவளால் முடியவில்லை.

கையின் விரல்கள், ஒவ்வொன்றாக, விலகத் தொடங்கின.