முதல் அட்டையும் இரண்டு வருடப் படிப்பும்

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. இருபத்தாறு வயதுக் கொழுந்தன் ஐந்து எம்.பி.ஏ. விளக்கப் புத்தகங்களைக் கடை விரித்து உட்கார்ந்திருந்தான். வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். இரண்டு தெரு தள்ளியிருந்த அவர்களுடைய அட்டைப்பெட்டி ஃபாக்டரியில் பஞ்சிங் மெஷின் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. தட்... தட்... என்று அந்தச் சத்தம் சமையலறை ஜன்னல் வரை வந்தது.

அந்த வீட்டு மருமகள் கணவரின் காபி டம்ளரை அவருடைய வலது கையில் படும்படி ஓர் அங்குலம் நகர்த்தி வைத்தாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காதபடி செய்யத்தான் எட்டு மாதமாகப் பழகியிருந்தாள்.

"அண்ணி, இங்க பாருங்க. இது வீட்டுல உட்கார்ந்து ஆன்லைன்ல படிக்கிறது. நான் தூங்கி விழுந்தா எழுப்ப ஆளில்ல. இது முதலீடு பத்தி மட்டும் சொல்லித் தர்றது. நமக்குப் பெட்டி விக்கத்தான் தெரியும். இது பத்து வருஷம் கம்பெனி நடத்தினவங்களுக்கு. எனக்கு மீசையே இப்பதான் ஒழுங்கா வருது! இது சனி, ஞாயிறு வகுப்பு. ஆனா இது..." பளபளவென்றிருந்த கடைசிப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். "ரெண்டு வருஷம் முழுநேரம். அங்கேயே தங்கிப் படிக்கணும். சீட்டு கிடைச்சாச்சு! நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சேர்றேன்னு உறுதி சொல்லணும்."

மாமியாருக்குக் கால் தரையில் படவில்லை. சின்னவனின் தலையைத் தடவி, கன்னத்தைக் கிள்ளி, அவன் அப்பா இருந்திருந்தால் எப்படிப் பூரித்திருப்பார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"தம்பி, சனி ஞாயிறு வகுப்பையே எடுத்துக்கோ."

சின்னவன் நிமிர்ந்தான்.

"ஏன் அண்ணி?"

"மத்த நாள்ல ஃபாக்டரியில இரு. அண்ணன்கிட்ட வேலையைக் கத்துக்கோ. படிச்சது மாதிரியும் ஆச்சு..."

"ரெண்டும் ஒண்ணா அண்ணி? அங்க நாள் முழுக்கப் படிப்பு, பெரிய கம்பெனி ஆளுங்க வந்து பேசுவாங்க, நாலு ஊர்ப் பசங்களோட பழகலாம். இங்க அஞ்சு நாள் அட்டைத் தூசி, ரெண்டு நாள் கொட்டாவி!"

"தெரியும் தம்பி. அது நல்ல படிப்புதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நம்ம வீட்டுக்கு இப்ப..."

"நம்ம வீட்டுக்கு இப்ப என்ன?" மாமியார் எழுந்துவிட்டாள். "என்ன குறைஞ்சு போச்சு? பெரியவன் குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான்ல? சின்னவன் ரெண்டு வருஷம் போனா ஃபாக்டரி ஓடாதா? எனக்கு எல்லாம் புரியுது. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி உனக்கும் இதே படிப்புக்கு சீட்டு வந்துச்சு. போகல. அந்த எரிச்சல் இப்ப வெளிய வருது!"

மருமகளுக்குச் சுருக்கென்றது. அவள் போகாததற்குக் காரணமே இந்த வீடுதான். கல்யாணமான நாற்பதாவது நாள் மாமனார் படுக்கையில் விழுந்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்ததும், பதினான்கு வயதுச் சின்னவனைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும், ஃபாக்டரி ஆர்டர்களை எடுத்து எழுதியதும் அவள்தான். சேர்க்கைக் கடிதத்தை மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் கணவரைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறக்கக் கூடாதா... கணவர் அவளுடைய காதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா? கட்டினவனே உன் முகத்தைப் பாத்துப் பேசி மாசக் கணக்காச்சு," என்றாள் மாமியார். "உங்க சண்டையை உங்க ரூமோட வச்சுக்கோங்க. நாளையிலேருந்து நீ ஃபாக்டரிக்குப் போக வேண்டாம். பொம்பள அங்க நின்னு நின்னுதான் முதலாளியம்மா நெனப்பு வந்துடுச்சு. கிளம்புற வரைக்கும் சின்னவன் பாத்துக்குவான்!"

"அத்தை, ஃபாக்டரிக்கு மட்டும் போகாதேன்னு சொல்லாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்..."

"போனா, அம்மான்னு கூப்பிட இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்!"

சின்னவன் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டான். போகும்போது திரும்பி, "நீங்களா அண்ணி இப்படி..." என்று மட்டும் கேட்டான். மாமியார் திட்டியதெல்லாம் காதோடு போயிற்று. இந்தப் பாதி வாக்கியம்தான் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அறைக்குள் போனதும் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, போதுங்க. சொல்லிடலாம். இன்னிக்கே சொல்லிடலாம்."

"கூடாது. நீ சத்தியம் பண்ணியிருக்க."

அந்தச் சத்தியத்தை அவள் கண் டாக்டரின் அறை வாசலில் செய்து கொடுத்திருந்தாள். கணவரின் விழித்திரையில் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வந்தது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துவிடும், சுற்றியிருப்பது தெரியும். அதனால்தான் மனைவியின் முகத்தைப் பார்க்க அவர் காதைப் பார்த்தார். நடையில் தடுமாற்றம் இல்லை. வெளியாள் யாருக்கும் சந்தேகம் வராது. "இன்னும் ரெண்டு வருஷம் ஓடலாம். அதுக்கப்புறம் எழுத்து, நம்பர் எதையும் எதிர்பார்க்காதீங்க," என்றார் டாக்டர். அதில் எட்டு மாதம் போய்விட்டது. சின்னவன் முழுநேரப் படிப்பு முடித்து வரும்போது அண்ணன் அவன் பட்டத்தைக் கையால் தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

"சின்னவனுக்குத் தெரிஞ்சா படிப்பையே விட்டுடுவான். அவனை நல்ல இடத்துல படிக்க வைக்கிறேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்," என்றார் கணவர். "ஆர்டர் குடுக்கறவங்க காதுக்குப் போனா ஒருத்தன் நிக்க மாட்டான். நீ பக்கத்துல இருந்தா நான் சமாளிச்சுடுவேன்."

"நாளைக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேனேங்க!"

"ஒரு நாள்தானே... அம்மா கோபம் ஆறிடும்."

அவள் பயம் அந்த ஒரு நாளில்தான் இருந்தது. மாமனார் காலத்திலிருந்து ஃபாக்டரியில் ஒரு வழக்கம். ஒவ்வொரு புது ஆர்டருக்கும் முதல் அட்டையை முதலாளி தன் கையாலேயே பஞ்சிங் மெஷினில் வைத்து வெட்ட வேண்டும். மடித்து, டேப் வைத்து அளந்து, அளவை அட்டையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆணியில் மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் மற்ற அட்டைகள் ஓடும். எட்டு மாதமாக அந்த அட்டையை மெஷினில் வைத்தது அவள். டேப்பின் பொடி எண்களைப் படித்தது அவள். எண்களை எழுதியது அவள். கணவர் அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டார். மெஷினோ பெரிய வாய் மாதிரி திறந்து திறந்து மூடும். உள்ளே கத்திகள் பெட்டி வடிவத்தில் நிற்கும். கை அட்டையோடு போனால் அதற்கு அட்டை எது, கை எது என்று தெரியாது.

மறுநாள் ஒரு புது ஆர்டர் இருந்தது.

காலையில் சின்னவனிடம் எப்படியாவது சொல்லிவிட நினைத்தாள். "தம்பி, மெஷின்கிட்ட அண்ணனைத் தனியா விடாதே," என்றாள்.

"அண்ணன் பொறந்ததே மெஷின் பக்கத்துல, அண்ணி," என்று முகம் கொடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மாமியார் கூடத்தில் காவலுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டாள். மருமகள் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். ஜன்னலுக்கு வெளியே தட்... தட்... பழைய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குச் சத்தம் நின்றது. புது ஆர்டருக்கு மெஷினில் கத்தியை மாற்றுகிறார்கள். அவளுக்கு அது தெரியும். இருபது நிமிடம் ஆகும்.

இருபது நிமிடத்தில் ஒரு தட் கேட்டது. முதல் அட்டை.

அவள் அளக்கும் நேரத்தை மனதில் எண்ணினாள். எழுதும் நேரத்தை எண்ணினாள். மறுபடி ஒரு தட் கேட்டது. முதல் அட்டை சரியாக வராமல் இன்னொன்று வைக்கிறார்! மூன்றாவதாக ஒரு தட் பாதியில் முறிந்தது. யாரோ கத்தினார்கள். பிறகு சத்தமே இல்லை.

"அத்தை..." என்றாள். ஈரக் கையோடு, செருப்பில்லாமல், படி இறங்கி ஓடினாள்.

"எங்க போற? நான் சொன்னது காதுல விழலையா?" என்று மாமியாரின் குரல் தெருமுனை வரை துரத்தியது.

ஃபாக்டரியில் ஆட்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். கூட்டத்தை விலக்கினாள். கணவர் அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். வலது சட்டைக் கை முழங்கை வரை கிழிந்து, முனை மெஷினின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். ஐந்தும் இருந்தன. ஒருமுறைக்கு இருமுறை எண்ணிவிட்டுத்தான் அழுதாள்.

சின்னவனின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் கையில் ஓர் அட்டை இருந்தது.

"அளவு எழுதியிருந்தார் அண்ணி. ஒரு நம்பர் மேல இன்னொரு நம்பர். கையெழுத்து அட்டையைத் தாண்டி மேசையில கிடக்குது. என்னண்ணா இதுன்னு கேட்கத் திரும்புறேன், அவர் கை உள்ள இருக்கு! அதையே நேராப் பாத்துட்டு நிக்கிறார் அண்ணி. பாத்துட்டே நிக்கிறார்... நான் புடிச்சு இழுக்கலைன்னா..."

அவன் சுவரிடம் போனான். ஆணியில் வரிசையாகத் தொங்கிய பழைய முதல் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினான். கடைசி எட்டு மாதத்து எண்கள் எல்லாம் ஒரே கையெழுத்து. சின்ன வயதில் அவனுக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்த அதே வட்டமான எழுத்து.

"அண்ணி... அண்ணனுக்கு என்ன?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், தம்பி."

"அவளை விடுடா," என்றார் கணவர். "நான் சொல்றேன்."

சொல்லி முடித்தபோது வாசலில் மாமியார் நின்றிருந்தாள். மருமகளைத் திட்டித் திருப்பி அழைத்துப்போக வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மெதுவாக மகனிடம் வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றாள்.

"என் முகம் தெரியுதாடா?"

"தெரியுதும்மா," என்றார் அவர், அவள் தோளைப் பார்த்தபடி.

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சண்டைன்னு நெனச்சேனே! பெத்தவ எனக்குத் தெரியல, நேத்து வந்தவளுக்குத் தெரிஞ்சிருக்கு... நேத்தா? பன்னெண்டு வருஷமாச்சே! அந்த வாயில என்னவெல்லாம் பேசினேன்! நான் போகாதேன்னு சொன்னதால என் புள்ள கை போயிருக்குமே... என்னை அடிச்சுடும்மா, ஒரு அடி அடிச்சுடு!"

"அத்தை, எழுந்திருங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! நான் வீட்டுக்குள்ள பேசினதைத்தான் யாரும் கேட்கல, அழுறதையாவது பாக்கட்டும்!"

மருமகள் குனிந்து அவளைத் தூக்கினாள். தூக்கிய கையை மாமியார் விடவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினாள். மருமகளின் கோபம் அங்கேயேதான் இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாமியாரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மாலை நான்கு மணிக்குச் சின்னவன் ஐந்து புத்தகங்களையும் சுருட்டிக் குப்பைத் தொட்டியிடம் கொண்டுபோனான்.

"எந்தப் படிப்பும் வேண்டாம் அண்ணி. நான் இங்கேயே இருந்துடறேன்."

அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "அதுக்காடா இத்தனை பேச்சு வாங்கினேன்? படிக்காதேன்னா சொன்னேன்? நான் விட்டது போதாதா, நீயும் விடணுமா? சனி ஞாயிறு படி. திங்கள்கிழமை வந்து, படிச்சதை இங்க செஞ்சு பாரு. கொட்டாவி வந்தா விட்டுக்கோ. எழுது முதல்ல!"

அவன் சனி ஞாயிறு வகுப்புக்கான விண்ணப்பத்தை நிரப்பினான். 'இந்த வகைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம்' என்ற இடத்தில், முழுநேரப் படிப்புக்கு இரண்டு பக்கம் தலைமைப் பண்பு பற்றி எழுதியிருந்தவன், இப்போது ஒரே வரி எழுதினான்: 'முதல் அட்டையை அளக்க எங்கள் ஃபாக்டரியில் இன்னும் ஒரு ஆள் வேண்டும்.' முழுநேரச் சீட்டை வேண்டாமென்று எழுதியபோது அவன் கை கொஞ்சம் தயங்கியது. அவள் பார்த்தாள். ஆறுதல் சொல்லவில்லை. அந்தத் தயக்கம் எப்படியிருக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டுமே தெரியும்.

பிறகு அவன் இன்னொரு புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினான். பத்து வருடம் கம்பெனி நடத்தியவர்களுக்கான படிப்பு.

"எனக்கு மீசை வரலைன்னு ஒதுக்கினேனே, இது உங்களுக்கு அண்ணி."

அவள் சிரித்துக்கொண்டே புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றது. "நிறுவனத்துல நாம முடிவெடுத்ததுக்கு, நம்ம கையெழுத்தோட ஒரு வருஷத்துக் காகிதம் கேக்குறாங்க தம்பி. என் கையெழுத்து எந்தக் காகிதத்துல இருக்கு?"

அருகில் உட்கார்ந்திருந்த கணவர் அந்தப் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நிறுத்திவைத்த ஆர்டரை மறுபடி எடுத்தார்கள். அட்டையை அவள் மெஷினில் வைத்தாள். கணவர் நான்கடி தள்ளி, சின்னவன் தரையில் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். தட். அவள் மடித்தாள், அளந்தாள், எண்களை எழுதினாள். வழக்கம்போல அவருக்குக் காட்டக் கீழே வெற்றிடத்தில் விரலை வைத்தாள்.

அவர் பேனாவைத் தடவி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"என்னங்க இது?"

"எட்டு மாசமா என் கையெழுத்துக்கு நீ விரல் வச்ச. இன்னிக்கு உன்னுதைப் போடு. வருஷம் இன்னியிலேருந்து ஓடட்டும். எனக்குக் கண்ணு தெரியறப்பவே ஒரு தரம் பாத்துக்கறேன்."

முதல் எழுத்து கோணலாக விழுந்தது. அவள் போட்டு முடித்து அட்டையை அவரிடம் நீட்டினாள். அவர் அதன் ஓரத்தை உற்றுப் பார்த்து, அதற்குப் பக்கத்திலிருந்த அவள் பெயரைப் படித்தார். பிறகு நிமிர்ந்து அவளுடைய காதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.