இருக்கா, அக்கா?

மாடி வீட்டுக்கு நானும் அக்காவும் குடிவந்த அன்று, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரே பொருள் ஒரு பிரம்பு நாற்காலி. உட்காரும் இடத்தில் பின்னல் தளர்ந்து குழிந்திருந்தது. கீழே இறக்க ஆள் கிடைக்கவில்லை. என் கட்டிலின் கால்மாட்டிலேயே அது தங்கிவிட்டது.

எனக்கு மனச்சிதைவு நோய், பதினோரு வருடமாக. பாதியில் சொன்னால் ஜனங்கள் ஓரடி தள்ளி நிற்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை என் காதுக்குள் கேட்ட குரல்களை அடக்கிவிட்டது. கூடவே மற்றதையும் கொஞ்சம் அடக்கிவிட்டது. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வராது, அழுகையும் அப்படித்தான். பேக்கரியில் மாவு பிசைகிறேன். விடியற்காலை நாலு மணிக்குப் போய் மதியம் திரும்பி, சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன்.

எனக்கும் அக்காவுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. எதையாவது பார்த்துச் சந்தேகம் வந்தால், கை நீட்டி "இருக்கா?" என்று கேட்பேன். அவள் திரும்பி நன்றாகப் பார்த்துவிட்டு "இருக்கு" என்பாள், அல்லது "இல்ல" என்பாள். சமாதானம் சொல்ல மாட்டாள், பொய்யும் சொல்ல மாட்டாள். ஒருமுறை தெருமுனையில் குதிரை நின்றது. "இருக்கு" என்றாள். நிஜமாகவே குதிரைதான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் ஆஸ்பத்திரிக்கு வெளியே காலம் தள்ளுகிறேன்.

மூன்றாவது வாரம், மதியத் தூக்கத்தில் கண் விழித்தேன். கண் மட்டும்தான் விழித்தது. கை, கால், நாக்கு எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை.

நாற்காலியில் யாரோ இருந்தார்கள்.

முதுகு என் பக்கம். நான் மூச்சு விடும்போதெல்லாம் பிரம்பு மெல்ல முனகியது. ஈரத்துணியை நாள் கணக்கில் மூட்டை கட்டி வைத்த வாடை. பயந்தேனா என்று கேட்டால், பயம் பக்கத்து வீட்டில் ஓடும் டிவி மாதிரி எங்கோ கேட்டது. என் பழைய குரல்கள் வாயாடிகள், ஓயாமல் திட்டும். இது பேசவே இல்லை.

"தூக்கத்துல வர்ற முடக்கம் இது," என்றார் டாக்டர். "மூளை முழிச்சுக்கும், உடம்பு தூங்கிட்டே இருக்கும். அமுக்குவான் பேய்னு சொல்வாங்களே, அதான். யாருக்கு வேணா வரும். ஆனா எழுந்து உக்காந்தப்புறமும் எதாவது தெரிஞ்சா சொல்லணும். மாத்திரையைக் கூட்டணும்."

கூட்டினால் விடியலில் எழுந்திருக்க முடியாது. போன தடவை அப்படித்தான் வேலை போனது. அதற்குப் பிறகு நாலு மாதம் வார்டில் கிடந்தேன்.

"அந்த நேரத்துல உன்னைக் கேக்க முடியலக்கா. வாயே வரல," என்றேன்.

"சனிக்கிழமை மதியத்துக்கு மேல லீவு சொல்லிட்டு வர்றேன். நீ தூங்கு. நான் உக்காந்து பாக்குறேன்."

அக்காவுக்குத் துணிக்கடையில் வேலை. பத்து மணி நேரம் நின்று நின்று அவள் கால் வீங்கியிருக்கும். வீட்டுக்குள் நுழைந்தால் வாளியைக் கவிழ்த்தாவது முதலில் உட்காருவாள்.

சனிக்கிழமை காலைப் பொழுது வேலை முடிந்ததும் வந்தாள். நாற்காலியைத் துணியால் துடைத்தாள். "கண்ண மூடு," என்றாள். மூடினேன்.

விழித்தபோது உடம்பு கல்லாகக் கிடந்தது. நாற்காலியில் முதுகு தெரிந்தது. அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அந்த நினைப்பே இதமாக இருந்தது.

பிறகு கண்ணை உருட்டினேன்.

அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தத் துடைத்த துணியைப் பிடித்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

முதலில் கால் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு உடம்பு மொத்தமும் திரும்பக் கிடைத்தது. எழுந்து உட்கார்ந்தேன். நாற்காலியில் ஆள் இல்லை. இருந்தாலும் கை நீட்டினேன்.

"இருக்கா?"

"இல்ல."

உடனே சொல்லிவிட்டாள். நாற்காலிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"ஒன்றரை மணி நேரம்."

அவள் கால்களைப் பார்த்தேன். கணுக்கால் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தன.

"நீ ஏன்க்கா உக்காரல?"

அவள் சுவரை ஒட்டியே நடந்து கட்டிலுக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு, திரும்பாமலே நாற்காலியை நோக்கிக் கை நீட்டினாள்.

"தம்பி, இருக்கா?"

பதினோரு வருடத்தில் அவள் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் எனக்கு "இல்ல" சொல்வது அவளுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. நெஞ்சில் ஏதோ வலித்தது. மாத்திரைக்குப் பிறகு வலித்ததே இல்லை.

நன்றாகப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"இல்லக்கா."

அவள் அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன், திரும்பிவிடக்கூடாது என்று.

ஆள் இல்லாத நாற்காலியின் பின்னல் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது. பிரம்பு முனகியது. நான் என் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

முனகல் நிற்கவில்லை. அக்காவின் மூச்சோடு போய் வந்துகொண்டிருந்தது.